காத்தூன் சைக்கிளில் உதகை போய்த் திரும்பியது

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்னிலையில் 1990ஆம் ஆண்டு சனவரி மாதம் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் காத்தூன். வயது முப்பத்திரண்டு. காலஞ்சென்ற பஷீர் அஹமது என்பவரின் மகள். தருமபுரி மாவட்டம், ஓசூர் வட்டம், மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் உள்ள வாடகை வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். திருமணமாகவில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் மின்சார மீட்டர் பாகங்கள் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேனா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றேன். விருப்பமில்லையென்றால் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் தெரிவித்தார்கள். சொல்ல விரும்புகிறேன் என்றேன். அதன் பிறகு என் அண்ணனும், என்னை அழைத்து வந்த பெண் காவலரும் அறைக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள்.

என்னைக் கடத்திக்கொண்டு போய் வீட்டில் அடைத்து வைத்ததாக ஜவளகிரி அருகில் காட்டோரத்தில் விவசாயம் செய்யும் சென்னகிருஷ்ணன் என்பவர் மீது வழக்குப் பதிவாகி, அவர் சிறையில் இருப்பதாக அறிகிறேன். புகார் கொடுத்தவர் என் அண்ணன் நூர் முகமது. அவர் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்து நடத்துகிறார். என்னை யாரும் கடத்தவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நானும் என் தாயாரும் மத்திகிரி வீட்டில் ஒன்றாக இருந்தோம். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு டவுன் பஸ் ஒத்து வராததால் லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கி, பண்ணைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பழகிக்கொண்டேன். சென்ற ஆண்டு கோடையில் என் தாயார் நெஞ்சுவலியால் இறந்துபோனார்கள். அதன் பிறகு அண்ணன் என்னைக் கிருஷ்ணகிரிக்கு வந்து தன்னோடு இருந்துவிடச் சொன்னார். வேலையை விட மனமில்லாததால் நான் போகவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தொடங்கினேன். முதலில் கெலமங்கலம் வரை போனேன். அதன் பிறகு ராயக்கோட்டை வரை போய், தக்காளி மண்டிக்கு எதிரில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒருமுறை கிருஷ்ணகிரி வரைக்கும் போய், அண்ணன் வீட்டுத் தெரு வழியாகவே போனேன். உள்ளே அண்ணனின் பிள்ளைகள் சத்தம் கேட்டது. இறங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் இறங்கவில்லை என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். அது எனக்குத் தெரியவில்லை. ஏன் இப்படித் தனியாகச் சைக்கிளில் சுற்றவேண்டும் என்று கேட்டதற்கு நான் சொல்வது: வீட்டில் இருந்தால் பேச ஆளில்லை என்பது தெரிகிறது. சைக்கிளில் போகும்போது அது தெரிவதில்லை. சாலையில் போகிற எல்லாரும் தனியாகத்தான் போகிறார்கள்.

டிசம்பர் கடைசியில் எங்கள் தொழிற்சாலையை மெஷின் பராமரிப்புக்காக மூடுவது வழக்கம். அந்த நாட்களோடு எனக்கு மீதமிருந்த விடுப்பையும் சேர்த்துக்கொண்டு உதகமண்டலம் வரை போய்வரத் தீர்மானித்தேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. சாலை எங்கே மேலே ஏறி முடிகிறதோ அதுவரை போகவேண்டும் என்று இருந்தது. அண்ணனிடம் சொன்னால் விடமாட்டார் என்பதால் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு சரோஜம்மாளிடம், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். மாற்றுத் துணி, பம்ப், பஞ்சர் சாமான்கள், என் தாயாரின் பழைய கம்பளி ஸ்வெட்டர், மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் இவற்றைக் கேரியரில் கட்டிக்கொண்டேன்.

தளி, ஜவளகிரி வழியாகக் காட்டைத் தாண்டி, கர்நாடகத்துக்குள் இறங்கி, கனகபுரா, மளவள்ளி, மைசூர், குண்டல்பேட்டை என்று போனேன். இரவுகளில் தர்காவிலும், ரயில் நிலையத்தில் பெண்கள் அறையிலும், ஒருமுறை பள்ளிக்கூட ஆயா ஒருவரின் வீட்டிலும் தங்கினேன். எந்த ஊரில் சைக்கிளை நிறுத்தினாலும் முதலில் கேட்டது, “கூட யாரு வந்திருக்காங்க?” என்பதுதான். கன்னடத்திலும் அதையே கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பின்னால் பஸ்ஸில் வருகிறார் என்று சொல்லிவந்தேன். பந்திப்பூர் காட்டுக்குள் சைக்கிளில் போக விடவில்லை. யானை நடமாட்டம் இருப்பதாகச் சொல்லி, செக்போஸ்ட்டில் இருந்தவர்கள் என்னையும் சைக்கிளையும் முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் காலி லாரியில் ஏற்றி, கூடலூரில் இறக்கிவிடச் சொன்னார்கள். லாரிக்காரரும் அதையே கேட்டார். அவரிடம் முதல்முறையாக, யாரும் வரவில்லை என்று சொன்னேன்.

கூடலூரிலிருந்து மேலே பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனேன். குளிர் அதுவரை எனக்குத் தெரியாத குளிராக இருந்தது. ஓசூரிலும் மார்கழியில் பனி இறங்கும், ஆனால் வெயில் ஏறினால் போய்விடும். அங்கே வெயிலிலும் போகவில்லை. செய்தித்தாளை மடித்து ஸ்வெட்டருக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். நடுவட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சியம்மாள் என்பவர் வீட்டில் தங்கினேன். தேவைப்பட்டால் அவரை விசாரிக்கலாம். காலையில் கதவைத் திறந்தபோது புல் முழுவதும் உப்புக் கொட்டியதுபோல வெளுத்திருந்தது. சைக்கிள் சீட்டிலும் அது படிந்திருந்தது. விரலால் தொட்டதும் தண்ணீரானது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “உறைபனி, பாத்ததில்லியா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்று பிற்பகலில் உதகை போய்ச் சேர்ந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. டீக்கடைக்காரரிடம், “ஓசூருலருந்து வந்திருக்கேங்க” என்றேன். “பஸ்ஸுலயா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு போன வழியிலேயே திரும்பினேன். பந்திப்பூர் காட்டை மட்டும் பஸ் மேல் சைக்கிளைப் போட்டுக் கடந்தேன். கனகபுரா வந்தபோது வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் பயணத்தில் வீடு என்பதால் நிற்கவில்லை. எல்லைக்கு அருகில் மேடு ஏறத் தொடங்கியபோது மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. பிளாஸ்டிக் தாளைக் கழுத்தில் கயிற்றால் முடிந்துகொண்டேன். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்ததில் உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. ஜவளகிரிக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சரானது. ட்யூபை வெளியே எடுத்துவிட்டேன், ஆனால் ஈரத்தில் சொல்யூஷன் ஒட்டவில்லை, விரலும் மடங்கவில்லை. ட்யூபை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு நடந்தேன். வண்டி எதுவும் வரவில்லை. வெகுநேரம் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. குளிர் விட்டுப்போனதுபோலவும், ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம் என்பதுபோலவும் இருந்தது. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். மிகவும் நிம்மதியாக இருந்தது. உதகையைக் காட்டிலும் குளிர் குறைவான இடம், வீட்டிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகிற தூரம். அதனால் எனக்குப் பயம் எதுவும் தோன்றவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். அவர்தான் சென்னகிருஷ்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் நின்று, “ஏ தாயி, மழையில இங்க ஏன் குந்தியிருக்க? எந்திரி” என்றார். நான், “எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீங்க போங்க” என்றேன். என் பேச்சு குழறியதாக அவர் பிறகு சொன்னார். அவர் போகவில்லை. “மாடு இப்படி நின்னாக்கூட நான் உட்டுட்டுப் போவமாட்டேன். எந்திரி” என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பசுவின் கழுத்துக் கயிற்றை என் கையில் சுற்றிவிட்டு, அது போகிற பக்கம் நட என்றார். சைக்கிளை அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்படித்தான் நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வீடு ராகிக் கொல்லையின் ஓரத்தில் ஒற்றை வீடாக இருக்கிறது. அவர் மனைவி இறந்துவிட்டார். மகள் மங்கம்மாவைக் கனகபுரா பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். அடுத்த வீடு ஓடைக்கு அந்தப்பக்கம். ஓடையில் அன்று வெள்ளம் வந்திருந்ததால் இருட்டில் கடந்துபோய் யாரையும் கூட்டிவர முடியாது என்றார். அடுப்பைப் பற்றவைத்து, பெட்டியிலிருந்து அவர் மனைவியின் புடவை ஒன்றையும் கம்பளியையும் எடுத்து வைத்து, “ஈரத் துணிய மாத்திக்க தாயி. நான் வெளிய நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார்.

இப்போது நான் சொல்லப்போவதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகையால் எழுதுகிறவர் சற்று நிதானமாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

என்னால் துணியை மாற்ற முடியவில்லை. கழுத்தில் இருந்த கயிற்று முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. ஸ்வெட்டர் பொத்தானில் விரலை வைத்தால் அது என் விரல் மாதிரியே இல்லை. பல்லால் முயன்றேன். அதன் பிறகு கீழே விழுந்துவிட்டேன். அவர் வெளியிலிருந்தே, “ஆச்சா?” என்று கேட்டார். நான்தான், “முடியல, உள்ள வாங்க” என்று கூப்பிட்டேன். அவர் உடனே வரவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டேன். அதன் பிறகே வந்தார். முடிச்சைப் பார்த்துவிட்டு, ராகி அறுக்கும் அரிவாளால் கயிற்றை அறுத்தார். ஸ்வெட்டரையும் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை அதே அரிவாளால் அறுத்தார். அறுப்பதற்கு முன், “ஸ்வெட்டரு கெட்டுப்போகும் தாயி, பரவாயில்லியா?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இந்த வழக்கில் கிழிந்த நிலையில் கைப்பற்றப்பட்டிருக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டர் அதுதான். சட்டையையும் அப்படியே அறுத்துவிட்டு, உடனே கம்பளியை என்மேல் போட்டு மூடினார். மற்றவற்றைக் கம்பளிக்குள் இருந்தபடி நானே தள்ளிவிட்டேன். புடவையையும் நானே சுற்றிக்கொண்டேன். கால்களை மட்டும் அவர் சாக்கால் துடைத்தார்.

அதன் பிறகு ராகிக் கஞ்சியைச் சூடாகக் கொடுத்தார். டம்ளரை அவரே பிடித்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் வந்தது. அவர் வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “தூங்காத. பேசு” என்றார். “என்ன பேசறது?” என்று கேட்டேன். “எதையாச்சும் பேசு. நான் கேக்கறேன்” என்றார்.

என்ன பேசினீர்கள் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். எல்லாம் பேசினேன். மீட்டருக்குள் இருக்கும் சிறிய தகட்டைப் பற்றிச் சொன்னேன். என் தாயார் இறந்த காலையில் நான் முதல் ஷிப்டுக்குப் போயிருந்ததைச் சொன்னேன். கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பியதைச் சொன்னேன். புல்மேல் உறைபனி இருந்ததைச் சொன்னேன். டீக்கடைக்காரரிடம் பஸ்ஸில் வந்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சிரித்தார். நான் நிறுத்துகிறபோதெல்லாம், “உம், அப்புறம்?” என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான். “எம்பொண்டாட்டியும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பா. இப்ப நான் மாட்டோட பேசறேன்” என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நடுங்கத் தொடங்கினேன். நடுக்கம் வந்தது நல்லது என்றார். அதன் பிறகு தூங்க விட்டார். நான் கண்விழித்தபோதும் அவர் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

விடிந்து ஓடையில் தண்ணீர் வடிந்ததும், அந்தப்பக்கத்து வீட்டு மாரம்மா என்பவரைக் கூட்டி வந்தார். எனக்குக் கடும் காய்ச்சல் இருந்தது. காய்ச்சல் இருந்த நாட்களில் மாரம்மாதான் என்னோடு படுத்துக்கொண்டார். சென்னகிருஷ்ணன் கொட்டகையில் படுத்தார். அவர் என்னிடம், “யாருக்குச் சொல்லி அனுப்பணும்? ஜவளகிரியில போன் இருக்குது” என்று கேட்டார். யாருக்கும் வேண்டாம், எழுந்து நடந்தால் நானே போய்விடுவேன் என்று சொன்னேன். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன். ஆகவே அவர் தகவல் கொடுக்காததற்குக் காரணம் நான்தான்.

இதற்குள் அண்ணன் மத்திகிரிக்கு வந்து என்னைத் தேடியிருக்கிறார். அண்ணன் வீட்டில் இருப்பதாக நான் சொன்னதை சரோஜம்மாள் அவரிடமே சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் அவர் புகார் கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் ஒன்று காட்டோர வீட்டில் நிற்பதாக யாரோ சொல்லி, போலீஸ் ஜீப்பும் அண்ணனும் வந்தார்கள். நான் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் ஓடி வந்து என் தலையைத் தொட்டார். பிறகு நான் உடுத்தியிருந்த புடவையைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போன காவலர் கிழிந்த ஸ்வெட்டரைக் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்தார். சென்னகிருஷ்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்வெட்டர் எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கு, “அந்தம்மாவையே கேளுங்க” என்று மட்டும் சொன்னார். அத்தனை ஆண்கள் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். பசு கறக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு என்னைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போனார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நானே சம்மதித்துப் போய்வந்தேன். அண்ணி ரோஷன் பீ எனக்குச் சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நேற்று அண்ணன் என்னிடம் வந்து, “மயக்கத்துல இருந்தேன், ஒண்ணும் நெனவில்லன்னு சொல்லிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். துணிய அறுத்தான்னு கோர்ட்டுல சொன்னா நாளைக்கு உன்ன யாரு கட்டுவா?” என்றார். நான், “அறுக்கச் சொன்னதே நான்தாண்ணே” என்றேன். அவர் எழுந்து போய்க் கதவு ஓரம் நின்றார். அங்கிருந்து சொன்னார்: “ஆஸ்பத்திரியில ஒரு பொம்பள பொணம் இருக்குது, வந்து பாருன்னு கூப்புட்டாங்க. போனேன். மூடியிருந்த துணிய எடுக்கற வரைக்கும் அது நீதான்னு நெனச்சேன்.” அதைச் சொல்லிவிட்டு அழுதார். என் தாயார் இறந்தபோதுகூட அவர் அழுததை நான் பார்த்ததில்லை. அவர் புகார் கொடுத்தது என்மீது உள்ள அக்கறையால்தான். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்னபடி சொல்ல என்னால் முடியாது என்று தெரிவித்துவிட்டேன்.

சென்னகிருஷ்ணன் உங்களைத் தொட்டாரா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். தொட்டார். கையைப் பிடித்துத் தூக்கினார், துணியை அறுத்தார், காலைத் துடைத்தார். தொடாமல் போயிருந்தால் ஆஸ்பத்திரியில் அண்ணன் பார்த்தது நானாகத்தான் இருந்திருக்கும். தவறான எண்ணத்தோடு தொட்டாரா என்று கேட்டார்கள். இல்லை. நான் அவர் வீட்டை விட்டுப் போக நினைத்தபோது அவர் தடுத்தாரா என்று கேட்டார்கள். இல்லை. நான்தான் போக நினைக்கவில்லை. அந்த வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இனி யாருடன் போக விரும்புகிறீர்கள் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். நான் வயது வந்தவள், என் வீட்டு வாடகையை நானே கொடுக்கிறேன், மத்திகிரிக்குத் தனியாகப் போகிறேன் என்றேன். அண்ணன் வெளியே காத்திருக்கிறார். அவரோடு பஸ் நிலையம் வரை நடந்து போவேன்.

மேலே எழுதப்பட்டது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மழையில் நான் புளியமரத்தடியில் உட்கார்ந்த இடத்தில், ‘வழி தவறி’ என்று எழுதியிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை. அந்த இரண்டு சொற்களை அடித்துவிடக் கேட்டுக்கொண்டேன். நான் வழி தவறவில்லை. போகவேண்டிய சாலையில்தான் இருந்தேன். நடக்கத்தான் முடியாமல் போயிற்று. அந்தச் சொற்கள் அடிக்கப்பட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பம் பெறப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை.

(ஒப்பம்)
ப. காத்தூன்